விடை தெரிந்தவள் அடிக்க வேண்டும்

மூக்கைப் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். நுனியைப் பிடித்தால் நழுவிவிடும். செஞ்சி வெயிலில் காலை பத்து மணிக்கே முகத்தில் எண்ணெய் வழியும். அதனால் தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டு பிடிப்போம். பிடித்த முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினால் கன்னம் வாகாக வரும். அப்புறம் வலது கையால் ஓர் அறை. அறைகிற வரைக்கும் மூக்கை விடக் கூடாது. விட்டால் எதிரில் நிற்பவள் முகத்தைத் திருப்பிவிடுவாள், அடி வேறெங்காவது போய் விழும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கணக்கு சார். அறுபதுகளின் நடுவில், எட்டாம் வகுப்பில்.

இதை எழுதுகிற நான் ஒன்றும் யோக்கியமானவள் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வயதானவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எல்லோருமே அந்தக் காலத்தில் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளைகளாக இருந்ததுபோல எழுதுகிறார்கள். அட, அப்படியென்றால் அடித்ததெல்லாம் யார்? கடைத்தெருவில் எங்கள் நைனாவுக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, "கண்ண மட்டும் வுட்டுடுங்க சார், மத்தபடி தோல உரிச்சாலும் நான் இன்னான்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். எல்லாத் தகப்பன்மாரும் அதைத்தான் சொன்னார்கள். அதில் அவர்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

எங்கள் பள்ளி எட்டாவது வரைதான். அதன் முடிவில் பொதுப் பரீட்சை. அதனால் தினமும் முதல் பீரியடில் மனக்கணக்கு. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். சார் ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு வரிசையின் முதல் ஆளிடம் விடை கேட்பார். தெரியாது என்றால் அடுத்த ஆள். அதுவும் தெரியாது என்றால் அதற்கடுத்த ஆள். யார் சரியாகச் சொல்கிறார்களோ அவர்கள், அதற்குமுன் தெரியாது என்று நின்ற அத்தனை பேரின் மூக்கையும் பிடித்து, ஆளுக்கோர் அறை கொடுத்துவிட்டு வந்து உட்கார வேண்டும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை வித்தியாசம் கிடையாது. பாவம் பார்த்து மெல்லத் தட்டினால் சார் எழுந்து வருவார். "இன்னா, கொசு ஓட்றியா? எப்டி அடிக்கணும்னு காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு, தட்டியவள் கன்னத்திலேயே காட்டுவார். இரண்டு முறை அப்படிக் காட்டினால் போதும், மூன்றாம் முறை நம் கை தானாகவே பழகிவிடும். சிநேகிதியை அடிப்பதில் ஆரம்பத்தில் இருக்கிற கூச்சம் ஒரு மாதத்தில் போயே போய்விட்டது. யார் யாரை எவ்வளவு பலமாக அடித்தார்கள் என்று மத்தியானம் சோறு தின்னும்போது பேசிச் சிரித்துக்கொள்வோம்.

கணக்கு சாரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட்டால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிபடாது. செஞ்சியில் அவரைப் போல மதிப்புள்ள மனிதர் அப்போது யாரும் இல்லை. கதர்ச் சட்டை, நாலு முழ வேட்டி, ஒரு பழைய சைக்கிள். சாயங்காலம் ஏழைப் பிள்ளைகளை வீட்டுக்கு வரச் சொல்லிச் சும்மாவே பாடம் நடத்துவார். காலனிப் பிள்ளைகளைத் தரையில் தனியாக உட்கார வைக்கிற வழக்கம் எங்கள் பள்ளியில் இருந்தது. அதை ஒழித்தவரே அவர்தான். எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே தண்ணீர்ப் பானை என்று தலைமையாசிரியரோடு சண்டை போட்டு அதைச் செய்தார். கடைத்தெருக்காரர்கள் சிலர் கூட்டமாகப் போய் நியாயம் கேட்டார்கள். எங்கள் நைனாவும் போனார். "என் கிளாஸ்ல ரெண்டே சாதி. விடை தெரிஞ்சவன், தெரியாதவன். தெரிஞ்சவன் அடிப்பான், தெரியாதவன் வாங்கிக்குவான்" என்று சார் சொல்லி அனுப்பிவிட்டாராம். நைனா அதை வீட்டில் வந்து கோபமாகத்தான் சொன்னார். இருந்தாலும் அவர் குரலில் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வருஷம் எங்கள் வகுப்பு மானிட்டர் ஒரு காலனிப் பெண். ஏழாவதில் முதல் மார்க் வாங்கியவர் எட்டாவதில் மானிட்டர் என்பது பள்ளியின் வழக்கம். இரண்டாவது மார்க் நான். இரண்டு மார்க்கில் போய்விட்டது என்று வீட்டில் விழுந்து விழுந்து அழுதேன். அவளும் நானும் உயரம் என்பதால் பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எனக்கு அடுத்த ஆள், வரிசையின் கடைசி ஆள், அவள். அவளுடைய ஊர் கோட்டைக்கு அந்தப் பக்கம். திருவண்ணாமலை ரோட்டில் மூன்று மைல் நடந்து, மதிலைத் தாண்டி வருவாள். எட்டாவது தேறினால் டீச்சர் டிரெயினிங்கில் சேரலாம், அங்கே தங்க இடமும் சோறும் அரசாங்கமே கொடுக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் நைனா பண்ணையாள். எட்டாவது வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன், நடுவில் ஏதாவது தகராறு என்றால் மறுநாளே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க வந்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அந்த ஒரு வருஷத்தை எப்படியாவது கடந்துவிட்டால் அவள் டீச்சர், இல்லாவிட்டால் பண்ணை. இது வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவளைச் சாது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது மானிட்டரின் வேலை. தாட்சண்யமே இல்லாமல் எழுதுவாள். என் பெயருக்குப் பக்கத்தில் 'மிக' என்று போட்டு, அதற்கும் பக்கத்தில் இன்னொரு 'மிக' போடுவாள். "ஏன்டி எழுதினே?" என்று சண்டைக்குப் போனால், "நீ பேசினே, எழுதினேன்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. சரியான அழுத்தக்காரி.

ஜூன் முழுக்க யாராவது நடுவிலேயே விடை சொல்லிவிடுவார்கள். கேள்வி அவள் வரைக்கும் வரவில்லை. ஜூலையில் ஒரு நாள் வந்தது. எட்டு ஆள் ஆறு நாளில் வெட்டுகிற கிணற்றைப் பன்னிரண்டு ஆள் எத்தனை நாளில் வெட்டுவார்கள் என்று சார் கேட்டார். அன்று பெண்கள் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஒன்பது பேர் வரிசையாகத் தெரியாது என்றார்கள். நான் பதற்றத்தில் ஏதோ உளறினேன். அவள், "நாலு நாள் சார்" என்றாள். சாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. துணிக்கடைக்காரர் மகள், அரிசி மண்டிக்காரர் மகள், பாத்திரக்கடைக்காரர் மகள் என்று பத்துப் பேர் வரிசையாக நிற்கிறோம். காலனிப் பெண் ஒருத்தி எங்கள் மூக்கைப் பிடித்து அடிக்கப் போகிறாள். அந்த மனிதர் இந்த நாளுக்காகத்தான் இவ்வளவு பாடும் பட்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அது அவர் அவளுக்குத் தருகிற பரிசு.

"வாம்மா. அடி" என்றார்.

"அடிக்க மாட்டேன் சார்" என்றாள்.

அவள் பயப்படுகிறாள் என்று சார் நினைத்துவிட்டார். "பயப்படாத. எவன் வந்து கேட்டாலும் நான் பாத்துக்கறேன். கடக்காரர் பொண்ணுங்கன்னா இன்னா, வானத்துலேர்ந்து குதிச்சாங்களா? நல்லா அடி."

"பயம் இல்ல சார். அடிக்க மாட்டேன்."

அவள் குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை. கரும்பலகையில் பெயர் எழுதுகிற அதே முகம். "உனக்காகத்தான்டி நான் இந்த ஊரையே பகச்சிக்கினேன்" என்று சார் சொன்னார். கோபத்தைவிட அதில் அழுகைதான் அதிகம் இருந்தது. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். "சரி. அவ குடுக்காத அடி வீணாப் போவக் கூடாது. பத்துப் பேரும் வந்து அத அவளுக்கே குடுங்க."

முதலில் நின்றவள் சாரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடியும் சாரைப் பார்த்தாள். அடித்தாள். அதற்கப்புறம் எவளும் யாரையும் பார்க்கவில்லை. ஒருத்தியும் அவள் மூக்கைப் பிடிக்கவில்லை. அவளைத் தொடுகிற நேரத்தை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைத்துக்கொண்டோம். தவிர, பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. நின்ற இடத்தில் அசையாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அடிக்கிறவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பத்தாவது ஆள். அவள் கன்னம் சூடாக இருந்தது. என் கன்னம் போலத்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது. வெட்கம் கெட்டுப்போய் இதைச் சொல்கிறேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "எவ மேலடி கைய வச்சே?" என்று அம்மா பதறிப்போனாள். "கொல்லப்பக்கம் போயி தலைக்கு ஊத்திக்கினு உள்ள வா." அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொட்டதற்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். ஈரத் தலையோடு பள்ளிக்குத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் குளித்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் என்ன.

மறுநாளும் கேள்வி அவளிடம் வந்தது. அவளுக்கு விடை தெரிந்தது, சொன்னாள், அடிக்க மறுத்தாள், அடி வாங்கினாள். அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வாரத்துக்குள் வகுப்புக்கு ஒரு விஷயம் உறைத்துவிட்டது. நடுவில் யாராவது விடை சொன்னால் முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் அடி. யாருமே சொல்லாமல் விட்டால் கேள்வி கடைசியில் அவளிடம் போகும்; அவளோ யாரையும் அடிக்க மாட்டாள். அப்போது எங்களில் ஒருவருக்கும் அடி கிடையாது, அவளுக்கு மட்டும்தான். யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் யோசனை சொல்லவில்லை, தானாகவே நடந்தது. ஆண்கள் பக்கத்தில் படிப்பில் சூரப்புலிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தெரியாது சார், தெரியாது சார் என்றார்கள். கணக்கு சார் வகுப்பில் நாங்கள் எல்லோரும் பிழையில்லாமல் போட்ட கணக்கு அது ஒன்றுதான்.

அவளுக்கு முந்தைய ஆள் நான் என்பதைச் சொல்லியிருக்கிறேன். நான் வாயைத் திறந்தால் கேள்வி அவளிடம் போகாது. ஒவ்வொரு நாளும் அது என் கையில்தான் இருந்தது. பாதி நாள் எனக்கு விடை தெரியும். தெரியாது சார் என்றேன்.

சாருக்கு இந்தத் தந்திரம் புரியாமலா இருந்திருக்கும்? நன்றாகப் புரிந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கையை ஓங்க வேண்டும். அதுவரைக்கும் மற்றதெல்லாம் எக்கேடு கெட்டாலும் சரி என்று இருந்தார்.

ஒரு நாள் இன்டர்வெல்லில் வேப்பமரத்தடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். இரக்கத்தால் என்று நினைக்காதீர்கள். தினமும் அடித்து அடித்து எனக்கே அலுத்துவிட்டது. "ஏன்டி உசிர வாங்கறே? தெரியாதுன்னு சொல்லித் தொலையேன்" என்றேன்.

"தெரிஞ்சிக்கினே தெரியாதுன்னு எப்டிடி சொல்றது?"

"அப்ப அடிச்சிட்டுப் போயேன். நாங்க இன்னா உன்ன கோச்சிக்கவா போறோம்?"

மண்ணைக் காலால் கீறினாள். அப்புறம் சொன்னாள். "எங்க ஊர்ல பண்ணக்காரரு யாரையும் தொட்டு அடிக்க மாட்டாரு. தொட்டா தீட்டாச்சே. எங்காளுங்கள வுட்டே எங்காளுங்கள அடிப்பாரு. எங்க நைனாவ எங்க சித்தப்பாதான் அடிச்சாரு. அடிச்சிட்டு எங்கூட்டுக்கு வந்து அளுதாரு. அடுத்த வாரம் சித்தப்பாவ அடிக்கச் சொல்லி எங்க நைனாவக் கூப்ட்டாங்க. நைனாவும் போயி அடிச்சாரு."

"அதனாலதானா?"

"அதனாலன்னு இல்ல. எங்கண்ணனும்தான் பாத்தான். இப்ப பண்ணக்காரரு யார அடிக்கணும்னாலும் அவனத்தான் கூப்புடுறாரு. அவனும் போறான்." அப்புறம் பாவாடையில் ஒட்டியிருந்த வேப்பம்பழத்தைத் தட்டிவிட்டு, "சாரு அடின்னா எனக்குக் கை வரல, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் ஏன் அப்படி இருந்தாள் என்று ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தலைமையாசிரியர் கொழுப்பு என்றார். எங்கள் நைனா முதலில், "பரவால்ல, எடம் தெரிஞ்ச பொண்ணு" என்று மெச்சிக்கொண்டார். பயமில்லை என்று அவளே சொன்னதைக் கேட்டதும் மெச்சலை நிறுத்திக்கொண்டார். சார் நன்றிகெட்ட ஜென்மம் என்றார். நானும் இத்தனை வருஷம் யோசித்துப் பார்த்துவிட்டேன். அப்பாவைச் சித்தப்பா அடித்ததைப் பார்த்ததால்தான் என்று சொல்லிவிடலாம், கேட்க நன்றாகவும் இருக்கும். ஆனால் அதே வீட்டில், அதே வாசலில் நின்று, அதே அடியைப் பார்த்த அண்ணன் பண்ணைக்காரருக்குக் கையாகப் போனானே? இரக்க குணம் என்றும் சொல்ல முடியவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு 'மிக' போட்டவள் அவள். எதனால் ஒருத்தி முடியாது என்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. எதனால் ஒருத்தி சரி என்கிறாள் என்பது வேண்டுமானால் விலாவாரியாகத் தெரியும். முன்னால் நின்றவள் சரி என்றாள். அதற்குமேல் எனக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

ஐப்பசி மழைக்காலத்தில் அது நடந்தது. மணிக்கு முப்பது மைல் போகிற ரயில் நாலு மைல் போக எவ்வளவு நேரமாகும் என்று சார் கேட்டார். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எட்டு என்று எழுதினேன். வரிசை என்னிடம் வந்தது. தெரியாது சார் என்றேன். அவள் குனிந்து என் நோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "எட்டு நிமிஷம் சார்" என்றாள். வழக்கம்போல் மறுத்தாள். வழக்கம்போல் நாங்கள் வரிசையில் போனோம். என் முறை வந்தபோது அவள் அதே பார்வையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீ மட்டும் பெரிய இவளா, நாங்களெல்லாம் என்ன மட்டமா, எங்களை இப்படி ஆக்கிவைத்தது யார், நீதானே என்று என்னென்னவோ தோன்றியது. "கண்ண மூடுடி" என்றேன். மூடவில்லை. பக்கவாட்டிலிருந்து கையை முழுக்க வீசி அறைந்தேன். உள்ளங்கை காதோடு சேர்ந்து விழுந்தது. சார் சொல்லி அடித்த அடி இல்லை அது. எனக்காக நானே அடித்தது.

அவள் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் இடது காதிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிந்தது. பாவாடை முனையால் துடைத்தாள். இன்னொரு டீச்சர் என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். வீட்டில் பூண்டைப் போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டார்கள். அது உள்ளே போய்ச் சீழ் பிடித்துக்கொண்டது. பத்து நாளில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார முடியாத அளவுக்கு நாற்றம். பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சாரிடம் போய்ச் சொன்னார்கள். நானும் சொன்னேன். சார் மூக்கைச் சுளித்துக்கொண்டு, வாசலோரமாகக் கிடந்த ஸ்டூலைக் காட்டி, "நீ கொஞ்ச நாள் அங்க தனியா உக்காரும்மா" என்றார். எல்லோருக்கும் ஒரே பெஞ்சு என்று ஊரோடு மோதியவர் அவர்தான். அவள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். தலைமையாசிரியர் அந்தப் பக்கம் போனபோது ஸ்டூலைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அந்த வாசலில் மழைச் சத்தம், ரோட்டில் போகிற லாரிச் சத்தம். அவளுக்கு இடது பக்கம் சுத்தமாகக் கேட்கவில்லை. சார் சொல்கிற கணக்கு அவள் வரைக்கும் போகவில்லை. கேள்வி வந்தால் நின்றபடி விழிப்பாள். முதல் நாள் அப்படி நின்றபோது சாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களா, வளிக்கு வந்துட்டா. எத்தினி நாளிக்குப் புடிவாதம் புடிப்பா?" என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். தெரியாததுபோல் நடிக்கக் கற்றுக்கொண்டாள் என்று அவர் நினைத்தார். அவளுக்குக் காது கேட்கவில்லை என்பது வகுப்பில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நோட்டை விழவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு மூன்று முறை சோதித்துப் பார்த்திருந்தேன். எழுந்து நின்று சாரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் அடித்தது என்று கேட்பாரே என்று பயம். கேட்டிருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். கடைசி ஆளும் விடை சொல்லாவிட்டால் சார் கையாலேயே எல்லோருக்கும் அடி என்பதால், நாங்கள் மறுபடியும் விடை சொல்லி ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்காகவும் அவள் மேல்தான் எல்லோருக்கும் எரிச்சல்.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வாரம் வந்தாள். பிறகு வரவில்லை. பாடம் எதுவும் ஏறவில்லை என்றும், இனி அனுப்ப முடியாது என்று அவள் நைனா சொல்லிவிட்டார் என்றும், மல்லாட்டை பிடுங்கப் போகிறாள் என்றும் அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்து சொன்னான். சார் பத்து நாள் அவள் பேரைக் கூப்பிட்டார். பதினோராம் நாள் ரிஜிஸ்டரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, கரும்பலகைச் சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டாவது மார்க் நான்தானே. எட்டாவது தேறினேன். மேலே படித்தேன், டீச்சர் டிரெயினிங் போனேன். அவள் போக ஆசைப்பட்ட இடத்தில் அரசாங்கச் சோற்றை இரண்டு வருஷம் நான் தின்றேன்.

முப்பத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்தேன், பெரும்பாலும் அவலூர்பேட்டைப் பக்கத்தில். என் வகுப்பிலும் மூக்கைப் பிடித்து அடிக்க வைத்தேன். ஆமாம், நான்தான். பிள்ளைகள் படித்தார்கள், மார்க் வாங்கினார்கள், பெற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இனி அடிக்கக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு வந்தது, அன்றோடு நிறுத்திவிட்டேன். உத்தரவுக்குக் கீழ்ப்படிவதில் நான் என்றைக்குமே குறை வைத்ததில்லை. அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அடிக்க மாட்டேன் என்று சொன்னதில்லை. எவளாவது ஒருத்தி சொல்ல மாட்டாளா என்று சில நாள் காத்திருந்ததுண்டு. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பொய். தெரியும்.

கணக்கு சார் இறந்தபோது செஞ்சிக் கடைத்தெருவை அடைத்தார்கள். நானும் மாலை வாங்கிக்கொண்டு போய் அழுதேன். உண்மையாகவே அழுதேன். எனக்கு இன்றைக்குச் சோறு போடுகிற பென்ஷன் அவர் போட்ட பிச்சை என்று அங்கே நாலு பேரிடம் சொன்னேன்.

ஓய்வு பெற்று மூன்று நான்கு வருஷம் கழித்து, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். விழுப்புரம் பஸ்ஸுக்காக, ஆஸ்பத்திரிச் சீட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனால் அந்த நிற்கிற தினுசு மாறவே இல்லை. பக்கத்தில் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அப்புறம்தான் நான் நிற்பது இடது பக்கம் என்பது உறைத்தது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தேன். உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். "பாத்திரக்கடப் பொண்ணுதானே நீ?" என்றாள். நீ என்றுதான் சொன்னாள். சத்துணவுக் கூடத்தில் இருபது வருஷம் ஆயாவாக இருந்து ரிட்டையர் ஆனாளாம். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே, வகுப்புக்கு வெளியே, அடுப்பங்கரையில். நான் டீச்சராக இருந்தேன் என்று சொன்னேன். "தெரியும், சொன்னாங்க" என்றாள்.

இனி ஒரு வாய்ப்புக் கிடைக்காது என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில், வாழைப்பழ வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த வலது காதில் சொன்னேன். "உன் காது... அது என் கைதான்."

"தெரியும்" என்றாள்.

கோபம் எதுவும் இல்லை. திட்டினால்கூடத் தேவலாம் போலிருந்தது. அவள் ஏதாவது சொல்வாள், விடு, அந்தக் காலம், போனதெல்லாம் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றேன். அதற்காகத்தான் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் சொல்லவில்லை. நானே ஆரம்பித்தேன். "சாரு சொன்னா நாம இன்னா பண்ண முடியும் சொல்லு? அறியாத வயசு. எனக்கு அப்ப பதிமூணு வயசு."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேராக.

"எனக்கும் பதிமூணுதான்" என்றாள்.

விழுப்புரம் பஸ் வந்து நின்றது. கூட்டத்தோடு ஏறி உட்கார்ந்தாள். நான் கீழேயே நின்றேன்.